கஜு போட்ட தக்காளி சூப் மாச்சத்துக் குறைந்ததா?

வாவிக்கரை:
நேற்று இங்கே கல்முனை ராத்தா எழுதியதைப் பார்த்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "சோளமாவும் வேண்டாம், கிரீமும் வேண்டாம். ஒரு கைப்பிடி கஜுவை ஊறவைத்து அரைத்து விட்டால் தக்காளி சூப் நல்ல தடிப்பாக வரும், சலரோகக்காரரும் பயப்படாமல் குடிக்கலாம்" என்று எழுதியிருக்கிறார். கனபேர் அதற்கு நன்றியும் சொல்லியிருக்கிறீர்கள். 100 கிராம் கஜுவில் ஏறக்குறைய 30 கிராம் மாச்சத்து இருக்கிறது. முப்பது! எங்கள் வீட்டில் அப்பாவுக்குச் சலரோகம். அவருடைய சட்டிக்குள் என்ன போகிறது என்று பார்க்கிறவன் நான்தான். தடிப்பு வேண்டுமென்றால் தேங்காய் முதற்பால் விடுங்கள். கஜு வேண்டவே வேண்டாம்.

கல்முனை ராத்தா:
தம்பி, முழுசா வாசித்துவிட்டா எழுதுகிறீர்கள்? நாலு பேருக்கு அரைக் கிலோ தக்காளி, 15 கஜு. அந்தப் பதினைந்தும் சேர்ந்து 22, 23 கிராம்தான் நிறுக்கும். அதில் மாச்சத்து 7 கிராம் அளவுதான். ஆளுக்கு 2 கிராமும் இல்லை. அதையே இரண்டு மேசைக்கரண்டி சோளமாவில் செய்தால் 14 கிராம் ஏறும். 100 கிராம் கஜுவைக் கொட்டச் சொல்லி நான் எங்கே எழுதினேன்?

வாவிக்கரை:
15 என்றும் நீங்கள் எழுதவில்லை ராத்தா. "ஒரு கைப்பிடி" என்றுதான் எழுதினீர்கள். யாருடைய கைப்பிடி? என் கைக்குள் 30 கஜு தாராளமாக அடங்கும். வாசிக்கிறவர் தன் கையால்தானே அள்ளுவார்?

படுவான்கரையான்:
இந்தச் சண்டை எதற்கு? எங்கள் பக்கத்து எருமைப்பால் இருக்கிறதே! கொழுப்பு 7 வீதம் வரும். அதை விட்டால் கஜுவும் தேவையில்லை, தேங்காய் துருவவும் தேவையில்லை.

வாவிக்கரை:
நீங்கள் பேசாதீர்கள் அண்ணன். உங்கள் சொல்லைக் கேட்டு எருமைப்பால் விட்டுத்தான் ஒருநாள் முழுச் சட்டியும் திரைந்து போனது. சிவப்புத் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகத் துணிக்கை மிதந்தது. அம்மா அதை அப்படியே கொண்டுபோய் வாழையடியில் ஊற்றினா. இன்றுவரை அதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

படுவான்கரையான்:
கொதிக்கிற புளிக்குள் குளிர்ந்த பாலை ஊற்றினால் திரையாமல் என்ன செய்யும்? நான் சொன்ன ஒழுங்கில் நீங்கள் செய்யவில்லை. ஒரு சிட்டிகை அப்பச்சோடா முதலில். அது நுரைத்துப் பொங்கி அடங்கும்போது புளிப்பும் தணிந்துவிடும். பிறகு அடுப்பை நிற்பாட்டி, சூடாக்கிய பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். பாலில் பிழை இல்லை, கையில்தான் பிழை.

வாவிக்கரை:
100 மில்லிலீற்றர் பாலிலும் 5 கிராம் அளவு சீனிச்சத்து இருக்கிறது. சரி, அதை விடுவோம். கேள்வி கஜு. 100 கிராமில் 30. யாராவது இல்லையென்று சொல்லட்டும்.

திருக்கோவிலான்:
நீங்கள் இரண்டு பேரும் ஒரு பெரிய வெங்காயம் வதக்குகிறீர்கள். 100 கிராம் வெங்காயத்தில் 9 கிராம். ராத்தாவின் 15 கஜுவை விட அது கூட. அரைக் கிலோ தக்காளியிலேயே 20 கிராம் வரை இருக்கிறது, நார்ச்சத்தைக் கழித்தாலும் 13, 14 நிற்கும். வெங்காயத்தைப் பாதியாக்கி, உள்ளியைக் கொஞ்சம் கூட்டலாமே?

வாவிக்கரை:
வெங்காயத்தைப் பற்றி இங்கே ஒருவரும் கேட்கவில்லை. வெங்காயம் ருசிக்குப் போடுவது. கஜுவைத் தடிப்புக்கு என்று சொல்லிப் போடுகிறீர்கள். தடிப்புக்குச் சோளமா போடுவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

கல்முனை ராத்தா:
வித்தியாசம் பாதிக்குப் பாதி! மேலே எழுதிய கணக்கைப் பாருங்கள். அதோடு உங்கள் முதற்பால் கொஞ்சம் கொதித்தாலும் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். வேலையால் ஆட்கள் பிந்தி வருகிற வீட்டில் சூப்பைத் திரும்பச் சூடாக்கத்தானே வேண்டும்? கஜு அப்படிப் பிரியாது. தக்காளியையும் பச்சையாய் அவிக்காதீர்கள். இரண்டாய் வெட்டி, வெட்டின பக்கம் தாச்சியில் படும்படி கவிழ்த்து, ஓரம் கறுத்துத் தோல் சுருங்கும்வரை விடுங்கள். தோல் தன்பாட்டில் கழன்று வரும். அந்த இனிப்பே போதும், புளிப்பை அடக்கச் சீனி போடத் தேவையில்லை.

வாவிக்கரை:
முதற்பாலை இறக்கும்போதுதான் விட வேண்டும் என்பது மட்டக்களப்பில் சொதி வைக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். கல்முனையில் எப்படியோ தெரியாது.

சாய்ந்தமருதூர்:
இதுதான் எனக்குப் பிடிக்காதது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரியும்வரை கல்முனையும் மட்டக்களப்பு மாவட்டம்தான். சொதி என்ன, மாவட்டம் பிரிந்த பிறகா எங்கள் குசினிக்கு வந்தது? ராத்தாவிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

வாவிக்கரை:
மாவட்டத்தை நான் இழுக்கவில்லை, நீங்கள்தான் இழுக்கிறீர்கள். கஜுவுக்குப் பதில் இல்லையென்றவுடன் 1961க்குப் போய்விட்டீர்கள்.

ஏறாவூர் மருமகள்:
முதற்பாலையும் 15 கஜுவையும் தனித்தனியாக வைத்துப் பார்த்திருக்கிறேன். என் நாக்குக்குக் கஜுதான் மிருதுவாக இருந்தது. தேங்காய் மணம் தக்காளி மணத்தை அமுக்கிவிடுகிறது. ஆனால் கஜு விற்கிற விலைக்கு அடிக்கடி செய்ய ஏலாது.

வாவிக்கரை:
பார்த்தீர்களா, விலையும் கட்டாது!

கல்முனை ராத்தா:
தம்பி, போன கிழமை நீங்களே எழுதினீர்கள், அப்பாவுக்கு சூப்போடு இரண்டு துண்டுப் பாண் கொடுப்பதாக. ஒரு துண்டிலேயே 12 கிராமுக்கு மேல் மாச்சத்து. அந்தப் பாணை எடுத்துவிட்டு வாருங்கள், என் கஜுவைப் பற்றிப் பிறகு பேசலாம்.

வாவிக்கரை:
என் அப்பாவின் பாணுக்குள் வர வேண்டாம். அது அவருக்கும் டொக்டருக்கும் உள்ள விஷயம். தலைப்பில் இருப்பது கஜு. 100 கிராமில் 30 கிராம். "ஒரு கைப்பிடி" என்ற சொல்லை அழித்து, 15 என்று திருத்துங்கள். அதுவரை நான் இதைத் திரும்பத் திரும்ப எழுதுவேன்.

கல்முனை ராத்தா:
என் கைப்பிடிக்குள் 15தான் அடங்கும். திருத்த மாட்டேன்.

படுவான்கரையான்:
அப்பச்சோடா போட்டு ஒருக்கால் செய்து பாருங்கள் என்கிறேன், ஒருவரும் கேட்கிறீர்கள் இல்லை.

வாவிக்கரை:
முப்பது, ராத்தா. முப்பது.