சினைப்படுத்தும் மாமா கேட்ட மூன்று கேள்விகள்

நான் வெளிநாட்டில், மரபணு மாற்றிய சுண்டெலிகளை உருவாக்கும் ஆய்வுகூடமொன்றில் வேலை செய்கிறேன். ஒட்டுசுட்டானில் இருக்கும் என் மாமா மாடுகளுக்குச் செயற்கை முறையில் சினைப்படுத்திப் பழகியவர். போன விடுமுறையில் நேராகவே கேட்டார்: "பிள்ளை, கருவை எப்படி எடுக்கிறியள்?"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கஷ்டமே அந்த இடத்தில்தான். 1980இல் கோர்டனும் ரடிலும் கருக்கட்டிய எலி முட்டைக்குள் கண்ணாடி ஊசியால் டிஎன்ஏ செலுத்திக் காட்டினார்கள். அன்றிலிருந்து வழக்கமான முறை இதுதான்: பெண் எலிக்கு ஹோர்மோன் ஏற்றி, ஆணோடு விட்டு, மறுநாள் கொன்று முட்டைகளை எடுப்பது. அவற்றைச் சுமக்க வாடகைத் தாய்கள் வேண்டும். அந்தத் தாய்களைத் தயார்படுத்த, விந்துக்குழாய் வெட்டிய ஆண்கள் வேண்டும். 2013இல், டிஎன்ஏயைக் குறித்த இடத்தில் வெட்டும் கிறிஸ்பர் என்ற கருவி எலிகளுக்கு வந்தது, மரபணுவை மாற்றுவது சுலபமானது. கொல்வது மட்டும் குறையவில்லை.

"அப்ப தாய் செத்தால்தான் குட்டியோ?" என்றார் மாமா.

இப்போது அப்படி இல்லை. ஜப்பானின் டோக்காய் பல்கலைக்கழகத்தில் ஒட்சுகாவின் குழு 2018இல் வெளியிட்ட ஐ-கோனாட் முறையில் முட்டையை வெளியே எடுப்பதே இல்லை. இணைசேர்ந்த மறுநாள் பின்னேரம் தாய்க்கு மயக்க மருந்து கொடுத்து, முதுகுப் பக்கம் சின்னதாகக் கீறி, முட்டைக்குழாயை மெல்ல வெளியே இழுப்போம். சுருண்டு கிடக்கும் அந்தக் குழாய்க்குள் கிறிஸ்பர் கரைசலைச் செலுத்துவோம். கூடவே பச்சைச் சாயமும் கலந்திருப்பதால், அது பரவிக் குழாய் வீங்குவது நுணுக்குக்காட்டியில் தெளிவாகத் தெரியும். ஈரக் கடதாசித் துண்டால் மூடி, கரைசல் முட்டைக்குள் புக, இடுக்கி மின்முனைகளால் பிடித்துச் சில நொடி மின்துடிப்பு கொடுப்போம். அப்புறம் குழாயை உள்ளே வைத்துத் தைத்துவிடுவோம். அதே தாய் தன் குட்டிகளைத் தானே ஈனும். வாடகைத் தாயும் வேண்டாம், வெட்டிய ஆணும் வேண்டாம். எங்கள் துறையில் நான் பார்த்த முன்னேற்றங்களில் இதைத்தான் பெரிதென்பேன்.

மாமா அதோடு விடவில்லை. "சரி, பிறக்கிற குட்டியில எல்லாக் கலமும் மாறியிருக்குமோ?"

இல்லை. கரு பிரிந்த பிறகும் வெட்டு நடந்தால், ஒரே குட்டியில் மாறிய கலமும் மாறாத கலமும் கலந்திருக்கும். அதனால்தான் வெட்டும் கிறிஸ்பர் புரதத்தையும், வெட்டும் இடத்தைக் காட்டும் வழிகாட்டி ஆர்என்ஏயையும் முன்கூட்டியே சேர்த்துக் கொடுக்கிறோம். கலத்துக்குள் போனவுடன் வேலை தொடங்கிவிடும், சீக்கிரம் சிதைந்தும் போகும். அப்படியும் கலப்புக் குட்டிகள் வரத்தான் செய்கின்றன. அவற்றை மாற்றாத எலிகளோடு சேர்த்து, அடுத்த தலைமுறையின் டிஎன்ஏயை வாசித்துப் பார்த்த பிறகே ஒரு எலி வம்சவரிசையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறோம்.