டிவிடி ரைட்டரில் இருக்கும் சிவப்பு லேசரை இப்போது யாரும் ஏன் தேடுவதில்லை?

கொட்டகலை தம்பி:
வணக்கம் அண்ணன்மாரே. உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். ஹட்டனில் ஒரு கம்ப்யூட்டர் கடையை மூடும்போது பழைய டிவிடி ரைட்டர் நாலு சும்மா கொடுத்தார்கள். உள்ளே இருக்கும் சிவப்பு லேசர் டயோடை எடுத்து, எங்கள் லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடு) பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மாமா வீட்டு லயத்துக்கு ஒளி வழியாகக் குரல் அனுப்பிப் பார்க்க ஆசை. தூரம் 300 மீட்டர் இருக்கும். பழைய பதிவுகளில் எல்லாரும் இந்தச் சிவப்பு டயோடைத்தான் கொண்டாடுகிறார்கள். புதிய பதிவுகளில் 450 நானோமீட்டர் அலைநீள நீலம், 520 பச்சை என்றே பேச்சு. சிவப்பின் காலம் முடிந்துவிட்டதா? நீலம்தான் வாங்க வேண்டுமா?

டிக்கோயா ரேடியோ:
தம்பி, வாங்காதீர்கள். கையில் இருப்பதே உங்கள் வேலைக்குச் சரியானது.

ஒரு காலத்தில் நமக்குக் கிடைத்தது 5 மில்லிவாட் லேசர் பாயிண்டர் மட்டும்தான். 16எக்ஸ் வேகத்தில் எழுதும் டிவிடி ரைட்டர் பரவலாக வந்ததும், கழித்துப் போட்ட டிரைவிலிருந்தே 200 மில்லிவாட் சிவப்பு கிடைத்தது. அதனால்தான் அவ்வளவு கொண்டாட்டம். அப்புறம் புளூரே டிரைவிலிருந்து 405 ஊதா வந்தது. 2010இல் கேசியோ புரொஜெக்டர் வந்தபோது, அதற்குள் 445 நீல டயோடு 24, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 வாட். அதை உடைத்து எடுப்பதற்காகவே புரொஜெக்டர் வாங்கினார்கள். பிறகு நிச்சியா, ஓஸ்ராம் கம்பனிகளின் டயோடுகள் தனியாகவே விலைக்கு வந்தன. லேப்டாப்பில் டிவிடி டிரைவ் வைப்பதும் நின்றது. சிவப்பை யாரும் வெறுக்கவில்லை, கிடைக்கும் இடம் மாறிப்போனது.

உங்களுக்கு முக்கியம் மறுபக்கம் ஒளியை வாங்கி மின்சாரமாக மாற்றுகிற சிலிக்கன் போட்டோ டயோடு. அது நீலத்தைவிடச் சிவப்பை நன்றாக உணரும். மூடுபனி இறங்கினால் எந்த நிறமும் போகாது, அதை நிறம் மாற்றித் தீர்க்க முடியாது.

டயோடுக்குக் கரண்ட் கொடுக்க எல்எம் 317 என்ற ரெகுலேட்டர் ஐசியை மாறா மின்னோட்டமாகக் கட்டுங்கள். 1.25ஐ ரெசிஸ்டரின் ஓமால் வகுத்தால் ஆம்பியர். 18 ஓம் போட்டால் 70 மில்லியாம்பியர் அளவு. மங்கலாகச் சிவப்பு தெரிந்தால் போதும், ஏற்றாதீர்கள். டயோடை மாட்டாமல் கரண்ட் கொடுத்தால் வெளியீட்டு கப்பாசிட்டர் முழு வோல்ட்டுக்கு ஏறி நிற்கும். அதன்மேல் டயோடை வைத்தால் அந்த நொடியே போய்விடும். நான் முதலில் எடுத்த இரண்டையும் அப்படித்தான் இழந்தேன். வீட்டில் காசு இல்லாத நேரம், இன்னும் மனதில் இருக்கிறது.

இன்னொன்றைக் கட்டாயம் கேளுங்கள். டிவிடிக்கு 650 சிவப்பு, சிடிக்கு 780 அகச்சிவப்பு என இரண்டு லேசர் உள்ளே இருக்கும். இரண்டாவது கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் வரவில்லையே என்று கண்ணைக் கிட்டே கொண்டு போகாதீர்கள். கற்றை போகிற வழியில் ரோடும் ஆள் நடக்கிற பாதையும் இருக்கக்கூடாது.

நுவரெலியா வானம்:
பச்சை பற்றி ஒன்று. பிள்ளைகளுக்கு நட்சத்திரம் காட்ட 532 பாயிண்டர் வைத்திருக்கிறேன். ஜனவரி விடியற்காலையில் அது மங்கிப்போகும், உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கினால் மறுபடி வரும். உள்ளே 808 அகச்சிவப்பு டயோடு ஒரு படிகத்தைத் தூண்டுகிறது. குளிரில் அந்த 808 அலைநீளம் நகர்ந்துவிடுவதால் படிகம் சரியாக உறிஞ்சாது. 520 டயோடு நேராகவே பச்சை தருவதால் இந்தத் தொல்லை இல்லை. நம்ம ஊர்க் குளிருக்கு அதுதான்.

பண்டாரவளை மரவேலை:
நான் தேயிலைப் பெட்டிகளில் பெயர் பொறிக்கிறேன், அதற்கு நீலம்தான். மரம் அதை நன்றாக உறிஞ்சும். ஆனால் தெளிவான அக்ரிலிக்கில் ஊடுருவிப் போய்விடும். தம்பி, பின்னால் நீலத்துக்கு மாறினால் கண்ணாடியையும் மாற்றுங்கள். சிவப்புக்கான பாதுகாப்புக் கண்ணாடி நீலத்தைத் தடுக்காது.

கொட்டகலை தம்பி:
மிக்க நன்றி அண்ணன். முதல் டிரைவைக் கழற்றிவிட்டேன். சிவப்பு எது என்று கண்டுபிடித்து நூல் கட்டி வைத்திருக்கிறேன், மற்றதைத் தொடவில்லை. கற்றை தேயிலை மலைக்கு மேலே, ஆள் போகாத பக்கமாகத்தான் போகும். ஞாயிறு அந்தி நேரம், மூடுபனி இறங்குமுன் மாமாவை ரிசீவரோடு நிற்கச் சொல்லியிருக்கிறேன். ஒலிபெருக்கி பக்கம் ஒரு சந்தேகம் இருக்கிறது, அதை நாளை படத்தோடு போடுகிறேன்.