கேத்தியில் நீலப் பட்டாம்பூச்சிச் செடி பனியில் கருகிவிட்டது, இப்போதே வெட்டலாமா?

கேத்தி வீட்டுத்தோட்டம்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு ஊட்டிக்குப் பக்கத்துக் கேத்திப் பள்ளத்தாக்கின் அடிப்பக்கம், காரட் போடுகிற நிலங்களை ஒட்டி இருக்கிறது. போன சித்திரையில் மேட்டுப்பாளையம் ரோட்டோர நர்சரி ஒன்றில் 'நீலப் பட்டாம்பூச்சி' என்று சொல்லி ஒரு செடி கொடுத்தார்கள். கிளெரோடெண்ட்ரம் உகாண்டென்ஸ் என்று அட்டையில் எழுதியிருந்தது. ஆப்பிரிக்காச் செடி, வெயில் இருந்தால் போதும் என்றார்கள்.

வைத்ததும் மளமளவென்று வந்தது. ஆடி ஆவணிக்குள் என் நெஞ்சு உயரம். மாட்டுத் தொழுவத்து எரு தாராளமாகப் போட்டேன், காரட்டுக்கு வாங்கிய யூரியாவிலும் மாதா மாதம் கொஞ்சம் தூவினேன். இலை அகலமாக, கரும்பச்சையாக வந்தது. பூ மட்டும் ஐப்பசியில் ஓரிரு கொத்து, அவ்வளவுதான்.

போன வாரம் இரண்டு நாள் தொடர்ந்து உறைபனி. காலையில் புல்லெல்லாம் வெள்ளை. வெயில் ஏறியதும் செடியின் இலை முழுக்க வெந்த கீரை மாதிரி தொங்கிவிட்டது, மறுநாள் கறுத்தது. நுனிக்குச்சிகளும் கறுத்துவிட்டன. அத்தை, "உசுரு போயிடுச்சு, பிடுங்கிட்டு ஹைட்ராஞ்சா வை" என்கிறார்.

செடி நிற்கும் இடம்: வீட்டுக்குக் கிழக்கே, சரிவு முடிகிற இடத்தில். கீழ்ப்புறம் அடர்த்தியான சைப்ரஸ் வேலி. காலை வெயில் நேராக விழும்.

செடி செத்துவிட்டதா? கறுத்ததை இப்போதே வெட்டிவிடலாமா? கேத்தியில் இதை வைத்துக் காப்பாற்ற முடியுமா, இல்லை வீண் வேலையா?

குன்னூர் மாடித்தோட்டம்:

வெட்டிடுங்க அக்கா. காய்ந்த கிளையை வைத்திருந்தால் பூஞ்சாணம் வரும். நாங்கள் தை பிறந்ததும் எல்லாச் செடியையும் ஒரே மட்டமாக வெட்டிவிடுவோம், நன்றாகத்தான் துளிர்க்கிறது. ராத்திரிக்கு ஒரு பாலிதீன் கவரைப் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டால் பனி ஒன்றும் செய்யாது.

கட்டபெட்டு கவாத்து:

தங்கச்சி, கத்தியைக் கீழே வையுங்கள். இப்போது வெட்டாதீர்கள்.

நான் தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கோத்தகிரிப் பக்கம் பள்ளமான தேயிலைக் காடுகளில் பனிக் கருகல் எத்தனையோ பார்த்தாயிற்று. கருகிய நுனி பார்க்கக் கண்றாவியாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த உறைபனி விழும்போது கீழே உயிரோடு இருக்கிற தண்டுக்குப் போர்வை அதுதான். இப்போது வெட்டினால் நடுவில் வருகிற நாலு வெயில் நாளை நம்பிச் செடி துளிர்விடும். மாசியில் இன்னொரு பனி விழுந்தால் அந்தத் துளிரும் போகும், அதற்குச் செலவழித்த சேமிப்பும் போகும். குன்னூர்த் தம்பி சொல்வது குன்னூருக்குச் சரி. ஊரில் பெரும்பாலான இடம் மேட்டில், சரிவில் இருக்கிறது. பள்ளத்து வயல் மாதிரி அங்கே உறைபனி பிடிக்காது. கேத்தி அடிவாரம் வேறு.

உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது லேசு. நுனியிலிருந்து ஆரம்பித்து, கட்டை விரல் நகத்தால் பட்டையை லேசாகக் கீறுங்கள். பழுப்பாக, உலர்ந்து இருந்தால் அந்த இடம் போய்விட்டது. ஒரு சாண் கீழே வந்து மறுபடி கீறுங்கள். எங்கே ஈரமாகப் பச்சை தெரிகிறதோ அங்கே ஒரு நூலைக் கட்டி வையுங்கள். தரைமட்டம் வரை பச்சையே இல்லையென்றாலும் பிடுங்க வேண்டாம். இந்தச் செடி வேரிலிருந்து பக்கக் கன்று விடுகிற ஜாதி. மேலே எல்லாம் போனாலும் சித்திரையில் அடியிலிருந்து முளைத்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வெட்டுவது மாசிக் கடைசியில் அல்லது பங்குனியில், உறைபனி இனி இல்லை என்று உறுதியான பிறகு. அப்போது தயங்காமல் முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள். பூ போய்விடுமே என்ற பயம் வேண்டாம். இது புதிதாக வளரும் கிளையின் நுனியில்தான் பூக்கும். பழைய கட்டையை வைத்திருந்து பிரயோஜனம் இல்லை. பங்குனியில் வெட்டினால் கோடை மழைக்குத் துளிர் ஓடும், அதற்கப்புறம் பூ.

பூ குறைந்ததற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: யூரியா. தழைச்சத்து ஏறினால் இலை கொழுக்கும், பூ பின்வாங்கும். அதோடு, ஐப்பசி வரை யூரியா போட்ட செடி குளிர் வருகிற நேரத்தில் இளந்தண்டாக நிற்கும். தண்ணீர் நிறைந்த தண்டு முதல் பனியிலேயே வெடிக்கும். ஆவணிக்குப் பிறகு தழைச்சத்தை நிறுத்திவிடுங்கள், தண்டு முற்றட்டும். பங்குனியில் வெட்டிய பிறகு மக்கிய எரு ஒரு கூடை, ஒரு பிடி எலும்புத்தூள், துளிர் ஓடி வந்ததும் கொஞ்சம் பொட்டாஷ். நம் மலை மண் புளிப்பு மண், தேயிலைக்காரர்கள் டோலமைட் என்கிற சுண்ணாம்புக்கல் தூள் போடுவது அதனால்தான். இந்தச் செடிக்கும் குழியைச் சுற்றி ஒரு பிடி போட்டால் கெடுதல் இல்லை. ஹைட்ராஞ்சா மாதிரி மண்ணின் புளிப்பைப் பார்த்து நிறம் மாறுகிற பூ இல்லை இது, நீலம் நீலமாகவே இருக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். உங்கள் செடிக்குச் சத்தில் குறையில்லை, நிற்கிற இடம்தான் தப்பு. காற்றில்லாத தெளிந்த ராத்திரியில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிச் சரிவில் தண்ணீர் போலவே கீழே இறங்கும். உங்கள் வீட்டில் அது இறங்கி வந்து சைப்ரஸ் வேலியில் முட்டி அங்கேயே தேங்குகிறது. அந்தத் தேக்கத்தின் நடுவில் செடியை வைத்திருக்கிறீர்கள். போதாததற்குக் கிழக்கு வெயில். உறைந்த இலையில் முதல் வெயில் சுள்ளென்று பட்டு வேகமாக உருகும்போது சேதம் இன்னும் கூடும்.

இரண்டு வழி. ஒன்று, சைப்ரஸ் வேலியின் அடிக்கிளைகளை இடுப்பு உயரம் வரை கழித்துவிட்டு, குளிர்க்காற்று கீழே வழிந்து போக வாய்க்கால் மாதிரி இடைவெளி விடுங்கள். இரண்டு, பங்குனியில் வெட்டியதும் செடியைப் பெயர்த்து வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டி, முடிந்தால் இறவாணத்துக்குக் கீழே வையுங்கள். மதியத்துக்கு மேல் வெயில் குடித்த கல்சுவர் ராத்திரி கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை விடும். கூரை நீட்டம் இருந்தால் மேலே திறந்த வானம் இல்லை, பனியும் குறைவு. நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் செய்வேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் வெயில் கிடைக்கிற சுவராக இருக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடுவது பற்றி: பாலிதீனை இலையில் படுகிற மாதிரி இறுக்கிக் கட்டினால், பட்ட இடமெல்லாம் கருகும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் குளிர்காலத்தில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலாறு என்கிற செடிக்குச்சிகளை வைத்து மூடுகிறார்களே, அதுதான் நம்ம ஊர் வழி. மிலாறு கிடைக்காவிட்டால் நாலு குச்சி நட்டுப் பழைய சணல் சாக்கைக் கூடாரமாகப் போடுங்கள். சாக்கு தரையைத் தொட வேண்டும், தரைச்சூட்டைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. மாலை நாலு மணிக்குள் போட்டு, காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். அன்று மதியமே அடிமண்ணில் அளவாகத் தண்ணீர் விடுங்கள். ஈரமண் பகல் சூட்டை அதிகமாகப் பிடித்து வைக்கும்.

கேத்தியில் முடியுமா என்று கேட்டீர்கள். செடியின் சொந்த ஊரை யோசியுங்கள். உகாண்டா, கென்யா என்று கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தின் காட்டோரப் புதர் இது. கம்பாலா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1200 மீட்டர். நம் கூடலூரும் ஏறக்குறைய அந்த உயரம்தான், அங்கே இது வேலிச்செடி மாதிரி வளரும். ஊட்டி 2240 மீட்டர், கேத்தி அதற்குக் கொஞ்சம்தான் கீழே. உயரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளும். நிலநடுக்கோட்டுச் செடிக்கு உறைபனி என்றால் என்னவென்றே தெரியாது, அதுதான் சிக்கல். சுவர் ஓரம் கொடுத்தால் முடியும். பள்ளத்தில் திறந்தவெளியில் என்றால் வருஷா வருஷம் இதே கதைதான்.

பெயர் வேறு மாறிவிட்டது. 1998இல் இந்தக் கூட்டத்தைக் கிளெரோடெண்ட்ரத்திலிருந்து பிரித்து ரோத்தேக்கா என்று வைத்துவிட்டார்கள். துளசிக் குடும்பம். நம் காட்டில் இருக்கிற சிறுதேக்கும் அதே ரோத்தேக்காதான். சிறுதேக்குப் பூவை உற்றுப் பார்த்தவர்களுக்கு இது தூரத்துச் சொந்தம் இல்லை என்று உடனே தெரியும். நாலு இதழ் வெளிர்நீலம், கீழிதழ் ஒன்று மட்டும் கருநீலம். மொட்டு நீலக் குண்டுமணி போல இருக்கும். அதற்குள் நாலு மகரந்தக் கம்பியும் சூலகக் கம்பியும் சுருண்டு கிடக்கும். விரிந்ததும் அவை முன்னால் நீண்டு வில்லாக மேலே வளையும். என் செடிக்குப் பெரிய கருவண்டு வந்து கீழிதழில் தொங்கும்போது அந்தக் கம்பி சரியாக அதன் முதுகில் உரசுகிறது. வெறும் அழகுக்கு வளைந்ததில்லை அது.

ஹைட்ராஞ்சா வைக்கச் சொன்ன அத்தையிடம், அதுவும் இந்தப் பனியில் இலை கருகும் என்று மெதுவாகச் சொல்லிவையுங்கள்.

பாம்பார்புரம் ஜன்னலோரம்:

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். ஜிம்கானா, கீழ்பூமி, எங்கள் பாம்பார்புரம் எல்லாமே உறைபனி விழுகிற பள்ளங்கள். ஐயா சொன்ன காற்றுத் தேக்கம் நூற்றுக்கு நூறு. ஆனால் நான் தரையில் வைக்கவே மாட்டேன். பெயிண்ட் வாளியில் அடியில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். கார்த்திகை பிறந்ததும் வராண்டாவுக்குள் வந்துவிடும். குளிர்காலத்தில் மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர். ஈரமும் குளிரும் சேர்ந்தால் வேர் அழுகும்.

உள்ளே வைத்தால் வேறு தொல்லை. மாசி பங்குனி வறட்சியில் இலைக்கு அடியில் வெள்ளை ஈயும் சிவப்புச் சிலந்தியும் வரும். வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். மீதிக்கு வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும். அடிக்கும்போது இலையைக் கசக்கிவிடாதீர்கள், அந்த நாற்றம் கையை விட்டுப் போகாது.

இன்னொன்று அக்கா, ஒரே செடியை நம்பி இருக்காதீர்கள். சித்திரை வைகாசியில் அரைமுற்றல் குச்சியாக, ஒரு விரல் நீளத்துக்கும் கொஞ்சம் கூட, கணுவுக்குக் கீழே வெட்டி மணலும் தேங்காய்நார்க் கழிவும் சரிபாதி கலந்து நட்டுவிடுங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்தால் போதும். வேர் சுலபமாகப் பிடிக்கும். இரண்டு கன்று வீட்டுக்குள் இருந்தால் வெளியே இருப்பது போனாலும் கவலை இல்லை.

குன்னூர் மாடித்தோட்டம்:

பாலிதீன் விஷயம் சரிதான் ஐயா. மாடியில் எனக்குக் குச்சி நட்டுக் கூடாரம் போட இடம் இருக்கிறது, தரையில் இருப்பவர்களுக்குக் காற்றில் பறக்காமல் எப்படி நிறுத்துவது?

கட்டபெட்டு கவாத்து:

பனி விழுகிற ராத்திரியில் காற்றே இருக்காது தம்பி. காற்று அடித்தால் உறைபனி விழாது. சாக்கின் ஓரத்தில் நாலு கல் போதும். எனக்குக் கவலை காட்டுமாடுதான். என் வேலியோரச் செடியை அது முகர்ந்துவிட்டு விட்டுவிடுகிறது, ஆனால் கூடாரத்தை ஒருமுறை கொம்பில் மாட்டிக்கொண்டு போய்விட்டது.

கேத்தி வீட்டுத்தோட்டம்:

ரொம்ப நன்றி ஐயா, எல்லோருக்கும்தான். நகத்தால் கீறிப் பார்த்தேன். மேலே இரண்டு சாண் பழுப்பு, அதற்குக் கீழே நல்ல பச்சை. நூல் கட்டிவிட்டேன். மேற்குச் சுவர் பக்கம் குளியலறைத் தண்ணீர் போகும் வாய்க்கால் இருக்கிறது, சோப்புத் தண்ணீர் அங்கே தேங்கும். செடியை அங்கே வைத்தால் பரவாயில்லையா? பெயர்க்கும்போது எவ்வளவு மண்ணோடு எடுக்க வேண்டும்?

கட்டபெட்டு கவாத்து:

தேங்குகிற இடம் வேண்டாம், எந்தத் தண்ணீராக இருந்தாலும். வாய்க்காலிலிருந்து மூன்றடி தள்ளி, சுவரிலிருந்து ஒன்றரை அடி விட்டு வையுங்கள். மண்ணை ஒரு சாண் மேடாக்கி அதன்மேல் நடலாம். பெயர்க்கும்போது தண்டைச் சுற்றி ஓரடி விட்டு, ஓரடி ஆழம் மண்வெட்டியால் வெட்டிச் சாக்கில் வைத்து இருவராகத் தூக்குங்கள். மேல்பக்கம் ஏற்கெனவே வெட்டியிருப்பதால் வேர் கொஞ்சம் அறுந்தாலும் தாங்கும். பழைய குழியை உடனே மூடிவிடாதீர்கள். விட்டுப்போன வேர்த்துண்டிலிருந்து கன்று வரும், வைகாசிக்குள் எட்டிப் பாருங்கள். வந்தால் ஒன்றைப் பாம்பார்புரத்துக்கு அனுப்புங்கள், வேரை ஈரச் செய்தித்தாளில் சுற்றி.

பாம்பார்புரம் ஜன்னலோரம்:

கன்று வேண்டாம் ஐயா, என் வாளியிலேயே இப்போது ஐந்து வந்து நிற்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் பழனி பஸ்ஸில் அனுப்பிவிடுகிறேன், கூலி உங்களுடையது.