ஹாரிஸ் பருந்து 12 மீட்டருக்கு மேல் கைக்கு வரவில்லை: எடையா, கயிறா?

இங்கிலாந்து, யார்க்‌ஷயர். வேட்டைக்குப் பழக்கும் என் முதல் பறவை. கூண்டில் பொரித்து தாய்ப்பறவையே வளர்த்த ஆண் ஹாரிஸ் பருந்து, மே மாதக் குஞ்சு. பயிற்சி தொடங்கி 24 நாள். தோட்டத்தில் 10 மீட்டர் வரை விசில் கேட்டதும் கையுறைக்கு வந்துவிடுகிறது. வயலில் 12 மீட்டரைத் தாண்டினால் பாதி வழியில் புல்லில் இறங்கி, இறக்கையைத் தளரவிட்டு கையுறையையே பார்த்து நிற்கிறது. நாலு நாளாக இப்படித்தான்.

நன்றாகத் தின்றபோது எடை 740 கிராம். பசி இருந்தால்தான் கைக்கு வரும் என்பதால் 660, 640 என்று இறக்கி இப்போது 625. தினமும் மாலை 3 மணிக்கு, பறக்கவிடும் முன் நிறுக்கிறேன். மார்பெலும்பு விரலுக்குக் கூர்மையாகத் தட்டுப்படுகிறது, இரவில் 2 டிகிரி குளிர். இன்னும் இறக்க மனசு வரவில்லை. எச்சத்தில் பச்சை இல்லை, வெள்ளையும் கறுப்பும்தான். செரிக்காத இறகு, ரோமத்தைக் காலையில் உருண்டையாகக் கக்குவதும் ஒழுங்கு.

கோழிக்குஞ்சுத் துண்டுக்குப் பதில் காடைக் கால் வைத்தேன். எதிர்க்காற்றில் வரும்படி நின்றேன். நாய், ஆள் நடமாட்டம் இல்லாத வயலுக்கு மாற்றினேன். ஒரு நாளில் 3 தடவைக்கு மேல் கூப்பிடுவதில்லை. பலனில்லை.

எனக்குச் சந்தேகம், பறந்து போய்விடாமல் இருக்கப் பயிற்சியில் அதன் காலோடு கட்டும் நீளக் கயிற்றின் மேல்தான். 30 மீட்டர் பின்னல் நைலான். ஈரப்புல்லில் நீர் கோத்துக் கனக்கிறது. இருமுறை அது இறங்கிய இடத்துக்குப் பின்னால் புல்தூரில் சிக்கி விறைத்துக் கிடந்தது.

எடையை 640-க்கு ஏற்றி, மெல்லிய கயிற்றோடு குட்டைப்புல் திடலில் 5 மீட்டரிலிருந்து மறுபடி தொடங்கலாமா, 625-லேயே தொடரலாமா?