லண்டன் ஸ்பௌஸ் விசா: 29 ஆயிரத்துக்குக் குறைகிறது, அவசரம்!!

உவர்மலை_பிள்ளை:
வணக்கம். என் கணவர் லண்டனில் இருக்கிறார். கலியாணமும் எழுத்தும் (பதிவும்) முடிந்து விட்டது. இப்போது விசாவுக்குப் போட வேண்டும். 29 ஆயிரம் பவுண் வருமானம் காட்ட வேண்டுமாம், எங்களுக்குக் கொஞ்சம் குறைகிறது. என்ன செய்யலாம்? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள், ப்ளீஸ்.

நிலாவெளிக்காரன்:
கொஞ்சம் என்றால் எவ்வளவு தங்கச்சி? ஐந்நூறா, பத்தாயிரமா?

குரொய்டன்_மாமா:
அவர் சிட்டிசனா, நிரந்தர வதிவிடம் உள்ளவரா, வேலை விசாவில் இருக்கிறாரா? வேலை விசா என்றால் நீங்கள் டிபெண்டன்டாக, அதாவது அவரைச் சார்ந்தவராகத்தான் போட வேண்டும். அதற்கு இந்த 29 ஆயிரக் கதையே கிடையாது.

டொக்யாட்_தம்பி:
சம்பளம் பேங்குக்கு வருகிறதா, கையிலா? அதே இடத்தில் ஆறு மாதம் ஆகிவிட்டதா?

சட்டம்பியார்:
வாரம் தவறாமல் ஒருவர் வந்து இதையே கேட்கிறார், ஒருவரும் விவரம் தருவதில்லை. டாக்டரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து கேட்பது போல இருக்கிறது. 29,000 என்பது 2024 ஏப்ரல் 11இல் இருந்து. அதற்கு முன் 18,600. அந்தத் தேதிக்கு முன்பே விசாவுக்குப் போட்டவர்கள், அதே துணையோடு நீடிக்கும்போது பழைய தொகையைக் காட்டினால் போதும். நீங்கள் புதிதாகப் போடுகிறவர், எனவே 29,000. இவ்வளவும் பழைய இழைகளில் இருக்கிறது. தேடிப் பார்க்கலாம்.

கொட்டியாரம்:
சட்டம்பியாருக்கு இன்றைக்கும் தேநீர் கிடைக்கவில்லைப் போல. தங்கச்சி, பயப்பட வேண்டாம். உங்கள் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். நீங்களும் வேலை செய்கிறீர்கள்தானே?

சட்டம்பியார்:
தவறு. மனைவி இலங்கையில் வாங்கும் சம்பளம் முதல் விண்ணப்பத்தில் ஒரு சதத்துக்கும் சேராது. அவர் இங்கிலாந்துக்குள் வந்து, அங்கே வேலை செய்தால் நீடிப்பின்போது சேரும். தெரியாததைத் தெரிந்தது போல் சொல்லக் கூடாது.

உவர்மலை_பிள்ளை:
மன்னிக்கவும், பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம், பார்க்க முடியவில்லை. அவருக்கு ஐ.எல்.ஆர். (நிரந்தர வதிவிடம்) இருக்கிறது. கடையில் வேலை, மணிக்கணக்குச் சம்பளம், பேங்குக்குத்தான் வருகிறது, ஒன்றரை வருடமாக அதே இடம். வருடத்துக்கு 26,400 அளவில் வரும் என்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டாளி ஒருவரின் கடையில் நிற்பார், அது கையில் கொடுப்பார்கள். அதைச் சேர்க்கலாமா?

டொக்யாட்_தம்பி:
அந்தக் கைக்காசுக்கு பேசிலிப் (சம்பளச் சீட்டு) உண்டா? பேசிலிப் இருந்து, வரியும் கட்டி, வந்த காசை அப்படியே பேங்கில் போட்டிருந்தால் சேரும். பேசிலிப் இல்லாவிட்டால் அதை மறந்துவிடச் சொல்லுங்கள் அக்கா. விண்ணப்பத்தில் அதைப் பற்றி மூச்சே விடக் கூடாது என்று சொல்லவில்லை, பொய் சொல்லக் கூடாது. ஆனால் வரி கட்டாத காசைக் கொண்டுபோய் நீட்டினால் அவருக்கே வில்லங்கம்.

குரொய்டன்_மாமா:
இப்போதுதான் பிள்ளை விவரம் சொல்கிறது. சரி, கணக்கைப் பார்ப்போம்.

மாதச் சம்பளம் என்றால் ஆறு மாதத்தில் எந்த மாதம் மிகக் குறைவோ அதை வைத்துத்தான் வருடக் கணக்குப் போடுவார்கள். மணிக்கணக்குச் சம்பளம் என்றால் ஆறு மாதச் சராசரி. அவருக்குச் சராசரி, அது ஒரு நல்ல விஷயம். 26,400 என்பது வரி கழிக்க முன்னரா, கழித்த பிறகா என்று கேளுங்கள். முன்னர் உள்ள தொகைதான் கணக்கு. நம்மாட்களில் பாதிப் பேர் கைக்கு வருவதைச் சொல்லிவிட்டு அழுகிறார்கள்.

வரி கழிக்க முன் 26,400 என்றே வைத்தால், குறைவது 2,600. இதைச் சேமிப்பால் நிரப்பலாம், ஆனால் 2,600 வைத்திருந்தால் போதாது. 2,600ஐ இரண்டரையால் பெருக்கினால் 6,500. அதோடு 16,000 கூட்ட வேண்டும். மொத்தம் 22,500 பவுண். முதல் 16,000ஐ அவர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. வருமானமே இல்லாதவருக்கு இதே கணக்கில் 88,500 வரும்.

நிலாவெளிக்காரன்:
ஒரு பவுண் 400 ரூபாய் என்று வைத்தாலும் 22,500க்கு 90 லட்சம்! 2,600 குறைந்ததற்கா?

குரொய்டன்_மாமா:
ஓம். அதனால்தான் சொல்கிறேன், கடை முதலாளியிடம் மணித்தியாலம் கூட்டிக் கேட்கச் சொல்லுங்கள். இங்கே அடிப்படைக் கூலி 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 ஆனது. அந்தக் கூலியில் வாரம் 40 மணி நின்றாலும் வருடத்துக்கு 25,400 பக்கம்தான். 29,000 வர 46 மணி வேண்டும். உங்களவர் 41, 42 மணி நிற்கிறார் போல. வாரம் ஐந்து மணி கூட்டினால் முடிந்தது. ஆனால் ஆறு மாதச் சராசரி என்பதால், இன்றைக்குக் கூட்டினால் இன்றைக்குப் போட முடியாது.

கொட்டியாரம்:
இவ்வளவு ஏன்? வீட்டை ஈடு வைத்துக் காசை பேங்கில் போட்டுக் காட்டுங்கள். விசா கையில் வந்ததும் திருப்பிக் கட்டுங்கள். என் சொந்தக்காரர் அப்படித்தான் போனார்.

சட்டம்பியார்:
உங்கள் சொந்தக்காரர் வேறு நாட்டுக்குப் போயிருப்பார். கடன் வாங்கிய காசு சேமிப்பு ஆகாது. காசு எங்கிருந்து வந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அது ஆறு மாதம் கணவர் பெயரிலோ மனைவி பெயரிலோ கிடக்க வேண்டும். அன்பளிப்பு என்றால் சரி, ஆனால் அதற்கும் ஆறு மாதம். நிலையான வைப்பில் போட்டாலும் எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

கொட்டியாரம்:
அப்படியென்றால் பெண்ணின் அப்பாவிடம் கேட்டு வாங்கி அன்பளிப்பாகப் போடுங்கள். எப்படியும் கொடுக்க வேண்டியதுதானே.

மூதூர்_அக்கா:
எப்படியும் கொடுக்க வேண்டியதா? அது என்ன கணக்கு தம்பி? பிள்ளைக்கு வீடும் எழுதிக் கொடுத்து, நகையும் போட்டு, இப்போது மாப்பிள்ளையின் சம்பளம் குறைவதற்கும் அப்பாதான் நிரப்ப வேண்டுமா?

கொட்டியாரம்:
அக்கா, நான் சீதனத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. விசாவைப் பற்றிக் கதைக்கிறேன்.

மூதூர்_அக்கா:
சீதனத்துக்கு இப்போது புதுப் பெயர் விசா.

ஆனந்தபுரி_85:
அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நம் பக்கம் வீடு பெண்ணுக்குத்தானே போகிறது. லண்டனில் இருக்கப் போகிறவளுக்கு இங்கே வீடு எதற்கு? விற்றுக் காசாக்கினால் பிரச்சினை தீர்ந்தது.

மூதூர்_அக்கா:
நாளைக்கு அங்கே ஏதும் நடந்தால் திரும்பி வந்து எங்கே படுப்பாள்? உங்கள் வீட்டுத் திண்ணையிலா?

நிலாவெளிக்காரன்:
எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள். தங்கச்சி, உங்கள் பெயரில் வீடு இருக்கிறதா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

உவர்மலை_பிள்ளை:
பாலையூற்றில் ஒரு வீடு என் பெயரில் இருக்கிறது. வாடகைக்கு விட்டிருக்கிறோம், மாதம் 60,000. நான் அம்மா அப்பாவோடு உவர்மலையில். விற்க மாட்டோம்.

டொக்யாட்_தம்பி:
அக்கா!! இதை முதலே சொல்லியிருக்கலாமே. வாடகை சேரும்! உங்கள் சம்பளம்தான் சேராது, உங்கள் சொத்தில் இருந்து வரும் வாடகை சேரும். வீடு உங்கள் சொந்தமாக இருக்க வேண்டும், நீங்கள் குடியிருக்கும் வீடாக இருக்கக் கூடாது. கடந்த 12 மாதத்தில் உண்மையில் வந்த தொகைதான் கணக்கு. வருடத்துக்கு 7,20,000 ரூபாய், அதே 400 கணக்கில் 1,800 பவுண். 26,400 உடன் சேர்த்தால் 28,200.

குரொய்டன்_மாமா:
தம்பி கெட்டிக்காரன். மிச்சம் குறைவது 800. அதைச் சேமிப்பால் நிரப்பினால் 2,000 கூட்டல் 16,000, அதாவது 18,000. அதற்கும் 72 லட்சம் வேண்டும். ஆனால் மணித்தியாலம் என்று பார்த்தால் வாரம் ஒன்றரை மணி கூட்டினாலே போதும். இந்த வழிதான் மலிவு. ரூபாய் ஆடும், அதனால் இரண்டு மணியாகக் கூட்டச் சொல்லுங்கள்.

2025 ஏப்ரலில் விசாக் கட்டணம் 1,938 ஆனது, அப்போது சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 1,035 படி மூன்று வருடத்துக்கு 3,105. அந்தக் காசையும் வேறாக எடுத்து வையுங்கள்.

சட்டம்பியார்:
எல்லோரும் கை தட்டும் முன் இரண்டு கேள்வி. ஒன்று, வாடகை யாருடைய பேங்க் கணக்கில் விழுகிறது? இரண்டு, வீட்டு உறுதியை (பத்திரத்தை) எடுத்துப் படித்தீர்களா? நம் ஊரில் பிள்ளைக்கு எழுதும்போது பெற்றோர் தங்களுக்கு ஆயுள் உரித்து வைத்துக்கொள்வது வழக்கம். அப்படி இருந்தால் வீடு உங்கள் பெயரில் இருந்தாலும், அவர்கள் இருக்கும் வரை வாடகை அவர்களுடையது. அதை உங்கள் வருமானம் என்று எப்படிக் காட்டுவது?

நிலாவெளிக்காரன்:
இது நல்ல கேள்வி. சட்டம்பியாருக்கு ஒரு தேநீர் என் கணக்கில்.

மூதூர்_அக்கா:
ஆயுள் உரித்து வைப்பது அப்பா அம்மாவின் பாதுகாப்புக்கு. அதையும் எடுத்துவிடச் சொல்லாதீர்கள்.

ஆனந்தபுரி_85:
யாரும் சொல்லவில்லை அக்கா. கனடாவில் மனைவியைக் கூப்பிடப் பொதுவாக வருமான எல்லையே கிடையாது, தெரியுமா? பேசாமல் அங்கே போயிருக்கலாம்.

குரொய்டன்_மாமா:
மனுசன் லண்டனில் இருக்கிறார். அவள் கனடாவுக்குப் போய் யாரோடு இருப்பாள்?

(இடையில் கனடாக் குளிர் பற்றிய பதிவுகள் பல. அவற்றை நீக்கியிருக்கிறேன். தலைப்பை விட்டு விலக வேண்டாம். – நிர்வாகி)

டொக்யாட்_தம்பி:
அக்கா, பார்த்தீர்களா? உறுதியில் என்ன இருக்கிறது?

டொக்யாட்_தம்பி:
அக்கா?

உவர்மலை_பிள்ளை:
மன்னிக்கவும், இப்போதுதான் நேரம் கிடைத்தது. ஆயுள் உரித்து இருக்கிறது, அப்பா பெயரில். வாடகையும் அப்பா கையில்தான் வாங்குகிறார். அதனால் வாடகையை விட்டுவிட்டோம். கடையில் வாரம் ஐந்து மணி கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள், பேசிலிப்பில் வருகிறது. ஆறு மாதம் போகட்டும் என்று இருக்கிறோம். எல்லோருக்கும் நன்றி.

குரொய்டன்_மாமா:
நல்லது பிள்ளை. முதலாளியிடம் கடிதம் வாங்கும்போது எப்போதிருந்து வேலை, எவ்வளவு சம்பளம், நிரந்தரமா இல்லையா எல்லாம் எழுதியிருக்க வேண்டும். பேசிலிப்பில் உள்ள தொகையும் பேங்கில் விழுந்த தொகையும் சதம் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். கடைசி பேசிலிப்பும் ஸ்டேட்மென்டும் விண்ணப்பத் தேதிக்கு 28 நாளுக்குள் இருக்கட்டும். காச நோய்ப் பரிசோதனைக்கு கொழும்புக்குப் போக வேண்டும், அதை மறக்க வேண்டாம்.

கிண்ணியா_புதியவன்:
எனக்கும் இதே பிரச்சினை. தங்கச்சியின் கணவர் அங்கே சொந்தமாக டாக்ஸி ஓடுகிறார். கொஞ்சம் குறைகிறது. சேமிப்பைச் சேர்க்கலாமா?

சட்டம்பியார்:
சொந்தத் தொழில் வருமானத்தோடு சேமிப்பைச் சேர்க்க முடியாது. கொஞ்சம் என்றால் எவ்வளவு? புது இழை போடுங்கள், விவரத்தோடு.