புதுப்பிப்பு: அப்பாவுக்கு சொரியாசிஸ் இருந்தால் பிள்ளைக்கு வந்தே தீருமா?

சொரியாசிஸ் என்பது தோலில் செதில் செதிலாகத் திட்டு எழும் நோய். அதில் தோல் புரதங்களின் வேலை பற்றிப் போன வாரம் எழுதியதில் மரபணுப் பகுதி அவசரமாக முடிந்துவிட்டது. "எனக்கு இருக்கு, பையனுக்கும் வந்துடுமா?" என்று குடியாத்தத்திலிருந்து ஒரு அண்ணன் கேட்டிருந்தார்.

வந்தே தீரும் என்றில்லை அண்ணே. 6-ஆம் குரோமோசோமில் உள்ள எச்எல்ஏ-சி 06:02 என்ற மரபணு வகைதான் இதில் பெரிய புள்ளி. ஆனால் அதைச் சுமக்கிற பெரும்பாலானோருக்கு நோய் வருவதே இல்லை. ஒரே கருவில் உருவான இரட்டையரில்கூட ஒருவருக்கு மட்டும் வருவதுண்டு.

நோயைக் கிளப்பிவிட ஏதாவது வேண்டும். தொண்டைப்புண், சில மாத்திரைகள், தோலில் காயம். காயம் பட்ட இடத்தில் எல்எல்-37 என்ற புரதம் சுரந்து, சிதைந்த செல்லின் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்ளும். நோயெதிர்ப்புச் செல்கள் அதைக் கிருமி என்று ஏமாந்துபோகும். அழற்சியைத் தூண்டும் ஐஎல்-23, ஐஎல்-17 என்ற புரதங்கள் ஏறும். ஒரு மாதம் போல எடுத்து மேலே வரவேண்டிய தோல் செல் நான்கைந்து நாளில் முதிராமலே வந்து, உதிராமல் அடுக்கடுக்காக நிற்கும். அதுதான் அந்த வெள்ளிச் செதில். பிய்த்தால் புள்ளி புள்ளியாக ரத்தம் கசியும்; சொறிந்த கோட்டிலேயே புதுத் திட்டும் எழும். ஆம்பூர், பேரணாம்பட்டு தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் கையுறை உரசும் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

களிம்பு பற்றியும் ஒரு வார்த்தை: செதிலை உரிக்கும் சாலிசிலிக் ஆசிட்டையும் வைட்டமின் டி வகை மருந்தான கால்சிபோட்ரியாலையும் சேர்த்துத் தடவாதீர்கள், ஆசிட் மற்றதைச் செயலிழக்க வைத்துவிடும். படை என்று நினைத்து மெடிக்கலில் வாங்கிய ஸ்டீராய்டு களிம்பை மாதக்கணக்கில் பூசியிருந்தால் சட்டென்று நிறுத்த வேண்டாம், சீழ்க்கொப்புளமாகத் திரும்பலாம். தோல் டாக்டரிடம் டியூபையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.