நவீன பென்டாத்லானுக்குத் தமிழ்ப்பெயர்: ‘ஐம்போட்டி’யா, ‘ஐந்திறல்’ என்பதா?

அன்புள்ள குழும அன்பர்களுக்கு வணக்கம்.

பள்ளி மாணவர்களுக்காக நாம் தொகுத்துவரும் விளையாட்டுக் கலைச்சொல் பட்டியலில் ‘மாடர்ன் பென்டாத்லான்’ (துப்பாக்கிச் சுடுதல், நீச்சல், வாள்வீச்சு, குதிரையேற்றம், ஓட்டம் ஆகிய ஐந்தையும் சேர்த்துத் தொடங்கிய ஒலிம்பிக் விளையாட்டு) என்பதற்கு நேரே உள்ள கட்டம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. கடையநல்லூர் அண்ணாச்சி ‘நவீன ஐம்போட்டி’ என்றும், தென்காசி அம்மையார் ‘தற்கால ஐந்திறப் போட்டி’ என்றும், அம்பாசமுத்திரத்துத் தம்பி ‘படைவீரர் ஐந்து’ என்றும் எழுதியிருந்தீர்கள். ஒரு வாரமாக இம்மூன்றையும் அவ்விளையாட்டின் உலகப் போட்டி வரலாற்றோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றும் உழைத்து உருவாக்கிய சொற்கள் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் ‘ஐந்திறல்’ என்ற சொல்லையே நான் முன்மொழிய விரும்புகிறேன். அதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

‘ஐம்போட்டி’யில் இலக்கணக் குறை எதுவும் இல்லை. ஐம்பொறி, ஐம்பூதம் என்ற வழக்குகளை ஒட்டியே அது அமைந்திருக்கிறது. சிக்கல் பொருளில் இருக்கிறது. ஐம்பொறி என்றதும் ஐந்து பொறிகள் மனத்தில் வருவதுபோல, ஐம்போட்டி என்றதும் ஐந்து தனித்தனிப் போட்டிகளே மனத்தில் வரும். பென்டாத்லான் என்பதோ ஐந்து உறுப்புகள் கொண்ட ஒரே போட்டி. அதற்கு ஒரே தரவரிசை, ஒரே வெற்றியாளர்.

இந்த வேறுபாட்டை நான் பட்டறிந்தே சொல்கிறேன். உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலத்தில், தடகளப் பென்டாத்லானில் முதலிடம் பெற்ற மாணவி ஒருத்திக்கு என் கையாலேயே சான்றிதழ் எழுதினேன். அவள் தடை ஓட்டத்தில் இரண்டாவதாகவும் உயரம் தாண்டுதலில் மூன்றாவதாகவும் வந்தவள். ஐந்தில் எதிலும் முதலாவது இல்லை, மொத்தப் புள்ளியில்தான் முதலிடம். நான் ‘ஐந்து போட்டிகளில் முதலிடம்’ என்று எழுதிவிட்டேன். மேற்படிப்புக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அவள் விண்ணப்பித்த இடத்தில், அப்படியானால் மீதி நான்கு சான்றிதழ்கள் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அவளுடைய அப்பா அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. புதிதாக எழுதிக் கொடுத்தேன். கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது. பிழை என்னுடையதுதான் என்றாலும், சரியான சொல் ஒன்று அன்று கைவசம் இருந்திருந்தால் அது நேர்ந்திருக்காது.

அந்த மாணவியின் நிலையில்தான் இவ்விளையாட்டின் முதல் ஒலிம்பிக் வெற்றியாளரும் இருந்தார். 1912-இல் ஸ்டாக்ஹோமில் துப்பாக்கிச் சுடுதல், நீச்சல், வாள்வீச்சு, குதிரையேற்றம், ஓட்டம் ஆகிய ஐந்தும் பல நாள்களாகப் பிரித்து நடத்தப்பட்டன. ஒவ்வொன்றிலும் பெற்ற இடத்தின் எண்ணையே கூட்டி, கூட்டுத்தொகை குறைந்தவரை வென்றவராக அறிவித்தார்கள். ஸ்வீடனின் யோஸ்டா லில்லியஹூக் 27 பெற்று முதலாவதாகவும், அவருடைய நாட்டவரே ஒருவர் 28 பெற்று இரண்டாவதாகவும் வந்தனர். லில்லியஹூக் ஐந்தில் ஒன்றில்கூட முதலிடம் பெறவில்லை. 1948 லண்டனில் வென்ற வில்லியம் க்ரூட் அதற்கு நேர்மாறானவர்: குதிரையேற்றம், வாள்வீச்சு, நீச்சல் மூன்றிலும் முதலிடம், சுடுதலில் ஐந்தாமிடம், ஓட்டத்தில் எட்டாமிடம், ஆக மொத்தம் 16. இந்த இருவரையும் ஒரே பெயரால் வெற்றியாளர் என்று அழைக்க வேண்டுமானால், அந்தப் பெயர் ஐந்தின் கூட்டு ஆற்றலைக் குறிப்பதாக இருக்க வேண்டும். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கிலிருந்து இட எண்ணுக்குப் பதிலாகப் புள்ளிப் பட்டியல் வந்தது; கூட்டிப் பார்க்கும் அடிப்படை மட்டும் மாறவில்லை.

அதற்குப் பிந்திய வரலாறும் ஐந்தையும் மேலும் மேலும் நெருக்கிக்கொண்டே வந்திருக்கிறது. பல நாள் நடந்த போட்டி 1996 அட்லாண்டாவில் ஒரே நாளுக்குள் அடங்கியது. 2009-இல் ஓட்டமும் சுடுதலும் ஒன்றாக இணைந்தன. இப்போது ஓடிவந்து, நின்று, சீரொளித் (லேசர்) துப்பாக்கியால் இலக்குகளை வீழ்த்திவிட்டு மறுபடியும் ஓடுகிறார்கள். அதற்கு முன் நடந்தவற்றில் பெற்ற புள்ளி வேறுபாடு நொடிகளாக மாற்றப்பட்டு, முன்னணியில் உள்ளவர் முதலிலும் மற்றவர்கள் அவரவர் பின்தங்கிய அளவுக்குத் தாமதித்தும் புறப்படுவதால், கடைசிக் கோட்டை முதலில் தொடுபவரே முழுப் போட்டியின் வெற்றியாளர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிச்சுற்று முழுவதும் ஏறத்தாழ 90 நிமிடங்களில் முடிந்தது. ஆகவே பன்மையைச் சுட்டும் பெயர் இன்று முன்னைவிடவும் பொருந்தாமல் போகிறது.

‘ஐந்திறம்’ பொருளில் மிக நெருங்கி வருகிறது, அம்மையாருக்கு நன்றி. ஆனால் வகுப்பறையில் சொல்லிப் பாருங்கள். ரகர றகர வேறுபாடு பெரும்பாலோர் பேச்சில் தேய்ந்துவிட்ட நிலையில், தமிழ் படித்தவர் காதில் அது ‘ஐந்திரம்’ என்ற பழைய இலக்கணப் பெயராகவே விழும். தவிர, ‘திறம்’ என்பதற்கு வகை, கூறு என்ற பொருளும் உண்டு. அப்படிப் படித்தால் மீண்டும் ஐந்து வகை என்ற இடத்துக்கே வந்துவிடுகிறோம்.

‘திறல்’ என்பதற்கு வலிமை, வெற்றி என்ற இரு பொருளும் உண்டு. கிரேக்கத்தில் ‘ஆத்லான்’ போட்டியையும், அதில் வெல்லும் பரிசையும் குறித்த சொல் என்பதால், முயற்சியையும் வெற்றியையும் சேர்த்தே தாங்கும் திறல் அதற்கு ஈடாக நிற்கிறது. ஐந்திறல் என்றால் ஐந்தும் திரண்ட ஒரு வலிமை. பின்னால் ‘போட்டி’ என்று ஒட்டவேண்டிய தேவையும் இல்லை. ஆடுபவரை ‘ஐந்திறலர்’ எனலாம். வீரர், வீராங்கனை என்று ஒவ்வோரிடத்திலும் பிரித்து எழுத வேண்டாம்.

குடும்பச் சொற்களும் தடையின்றி அமைகின்றன: இருதிறல் (பையத்லான்), முத்திறல் (டிரையத்லான்), பதின்திறல் (டெகாத்லான்). ஏழில் மட்டும் கவனம் வேண்டும். ‘எழுதிறல்’ என்று வைத்தால் எழுதுவதோடு மயங்கும். ஏழ்கடல் என்பதுபோல ‘ஏழ்திறல்’ என்று வைக்கலாம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஸ்வப்னா பர்மன் தங்கம் வென்றபோது நாளிதழ்கள் ‘ஹெப்டத்லான்’ என்றே எழுதின. அந்த இடத்தில் இது தாராளமாக உட்காரும். பனிச்சறுக்கும் சுடுதலும் சேர்ந்த இருதிறலை ஏன் இந்தக் குடும்பத்தில் சேர்க்க வேண்டும் என்று அண்ணாச்சி கேட்டிருந்தீர்கள். 1948-இல் தோன்றிய பன்னாட்டு நவீன பென்டாத்லான் ஒன்றியம் 1953 முதல் 1993 வரை அந்த விளையாட்டையும் தானே நிருவகித்து வந்தது. நாற்பது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் இருந்தவற்றுக்குப் பெயரிலும் உறவு இருப்பது முறைதான்.

தம்பியின் ‘படைவீரர் ஐந்து’, நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய கூபர்த்தேனின் நினைப்பை நன்றாகப் பிடிக்கிறது. எதிரி நிலத்தில் சிக்கிக்கொண்ட குதிரைப்படை அதிகாரி தப்பி வருவதற்கு வேண்டிய திறமைகள் என்றுதான் இந்த ஐந்தையும் விளக்குவார்கள். 1912-இல் ஐந்தாமிடம் பெற்ற அமெரிக்க அதிகாரி பின்னாளில் தளபதியாகப் பெயர்பெற்ற ஜார்ஜ் பேட்டன். ஆனால் 1952 ஹெல்சிங்கியில் வென்ற லார்ஸ் ஹால் படைத்துறை சாராதவர். 1956-இலும் அவரே வென்றார். பெண்களுக்கான உலக வாகைப் போட்டி (சாம்பியன்ஷிப்) 1981-இல் லண்டனில் தொடங்கியது. 2000 சிட்னியில் பெண்கள் பிரிவு ஒலிம்பிக்கிலும் இடம்பெற, பிரிட்டனின் ஸ்டெபனி குக் தங்கம் வென்றார். தொடக்கத்தை மட்டும் சொல்லி வளர்ச்சியை மறைக்கும் பெயரை மாணவிகளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி ‘நவீன’. 1912-இல் அதே ஸ்டாக்ஹோமில் நீளம் தாண்டுதல், ஈட்டி, 200 மீட்டர், வட்டு, 1500 மீட்டர் ஆகியவை கொண்ட தடகளப் பென்டாத்லானும் நடந்தது. அதை வென்றவர் ஜிம் தோர்ப். ஒரே ஊரில், ஒரே விழாவில் இரண்டு பென்டாத்லான்கள் இருந்ததால் அடைமொழி இன்றியமையாததாயிற்று. ‘தற்கால’ என்று வைத்தால், நூறாண்டுக்கு மேற்பட்ட ஒன்றை எப்படித் தற்காலம் என்பது என்று மாணவர் கேட்பார். ‘நவீன’ என்பது அப்படி உறுத்துவதில்லை. நம் சீமையில் எத்தனையோ பழைய ஆலைகளின் முகப்பில் ‘நவீன அரிசி ஆலை’ என்ற எழுத்து வெளுத்துப்போய் நிற்கிறது. அது ஆலையின் வயதைச் சொல்வதாக ஒருவரும் எடுத்துக்கொள்வதில்லை. புதுக்கவிதை இன்றும் புதுக்கவிதைதானே? ஆகவே ‘நவீன ஐந்திறல்’.

‘சாம்பியன்ஷிப்’, ‘கோப்பை’ என்ற இரண்டையும் நம் பட்டியல் ஒன்றாகக் குழப்பியிருக்கிறது. இதைக் கட்டாயம் திருத்த வேண்டும். உலக வாகைப் போட்டி 1949-இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கியது. முதல் வாகையர் ஸ்வீடனின் டாகே ப்யூரெஃபெல்ட். உலகக் கோப்பைத் தொடர் 1990-இல்தான் வந்தது. ஹங்கேரியின் ஆந்த்ராஷ் பால்சோ 1963, 1965, 1966, 1967, 1969 என, ஒலிம்பிக் நடந்த 1964, 1968 நீங்கலாக, தொடர்ந்து ஐந்து தனிநபர் உலக வாகைகளை வென்றவர். அவர் பெயருக்கு நேரே நாம் ‘உலகக் கோப்பை 5’ என்று போட்டிருக்கிறோம். அவர் காலத்தில் அப்படி ஒரு கோப்பையே கிடையாது. ‘உலக வாகை’, ‘உலகக் கோப்பை’ என்று இரண்டு தனிப் பதிவுகளாக இடுவோம்.

ஐந்து உறுப்புகளின் முதலெழுத்தைக் கோத்துப் பெயர் செய்யலாம் என்ற யோசனையையும் கைவிட வேண்டுகிறேன். குலுக்கலில் கிடைத்த, பழக்கமில்லாத குதிரையில் 20 நிமிட முன்பயிற்சியோடு ஏறுவது இதன் தனிச்சிறப்பாக இருந்தது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ‘செயின்ட் பாய்’ என்ற குதிரை தாண்ட மறுத்து மிரண்டதும், ஜெர்மனிப் பயிற்சியாளர் அதைக் கையால் குத்தியதற்காக விலக்கப்பட்டதும் பெரிய கண்டனத்தை எழுப்பின. பாரிஸோடு குதிரையேற்றம் விடைபெற்றது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் அதன் இடத்தில் தடைக்கள ஓட்டம் வருகிறது. உறுப்புகளைப் பெயரில் வைத்திருந்தால் இப்போது பெயரையே மாற்ற நேர்ந்திருக்கும்.

எனக்குத் தீராத ஐயம் ‘வாள்வீச்சு’ பற்றியது. பவானி தேவி டோக்கியோவில் ஆடியபின் அந்தச் சொல் நன்றாக ஊன்றிவிட்டது. அவருடைய சேபர் வாளுக்கு வெட்டும் உண்டு என்பதால் ‘வீச்சு’ பொருந்துகிறது. ஐந்திறலில் ஆடும் எபே வாளில் நுனி படுவது மட்டுமே கணக்கு, அதுவும் ஒரே தொடுகையில் ஆட்டம் முடிந்துவிடும். குறுக்குத்துறைப் படித்துறையில் காலையில் சிலம்பம் சொல்லிக்கொடுக்கும் ஆசான் ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவர் கம்பை ஒரு சுற்றுச் சுற்றி, “இது வீச்சு” என்றார், பிறகு சுற்றாமல், முன்கால் ஓரடி போக, கம்பின் முனையை என் சட்டைப் பொத்தானுக்கு ஒரு விரல்கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, “இது குத்து. ரெண்டுக்கும் ஒரே பேர் வைக்காதீங்க சார்” என்றார். விளையாட்டின் பொதுப்பெயராக ‘வாள்வீச்சு’ இருக்கட்டும். எபேவுக்கு மட்டும் ‘குத்தாட்டம்’ எனலாமா என்றால், அச்சொல் திரைப்பட வழக்கில் வேறு பொருளில் போய்விட்டது. ‘முனைத்தொடு வாள்’ என்று தற்காலிகமாகக் குறித்திருக்கிறேன். இதைவிட நல்லது ஒன்று சிலம்ப ஆசான்கள் வாயிலேயே இருக்கக்கூடும். வீரவநல்லூர், சேரன்மகாதேவிப் பக்கம் உள்ள அன்பர்கள் கேட்டு எழுதினால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து